விசிட்டர் லிஸ்டில் பத்து இடம்

இந்திராதேவி ஆன்டியிடம் "மகன் என்ன பண்றார்?" என்று கேட்டால் "ஜெயில்ல இருக்கிறான்" என்பார். ஓக் ட்ரீ ரோடு கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டே, குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல் சொல்வார். கேட்டவர்தான் அக்கம்பக்கம் பார்ப்பார்.

மகன் அனுஷன் குடித்துவிட்டுக் கார் ஓட்டினான். தெருவைக் கடந்துகொண்டிருந்த ஒருவர் செத்துப்போனார். எட்டு வருடத் தண்டனை. "சியாட்டில்ல வேலைன்னு சொல்லிடுங்க ஆன்டி" என்று எங்கள் ஊரான எடிசனில் யோசனை சொன்னவர்கள் பலர். நானும் சொன்னேன்.

"என்ர பிள்ளை செய்தது பெரிய பிழை. அதுக்கு மேல நான் பொய்யும் சொல்லோணுமோ?" என்று திருப்பிக் கேட்டார். நல்லது சொன்னால் ஏற்றுக்கொள்ளத் தெரியாத மனுஷி என்று வீட்டுக்குப் போய்ப் புலம்பினேன்.

யாழ்ப்பாணத்துக்காரர். இருபத்தாறு வருடம் மருந்துக்கடையில் நின்றே வேலை பார்த்து இரண்டு முழங்காலையும் கெடுத்துக்கொண்டவர். கணவர் போனபிறகு மகனைத் தனியாக வளர்த்தார். இப்போது ஞாயிறு தவறாமல் இரண்டு மணி நேரம் தெற்கே கார் ஓட்டிக்கொண்டு சிறைக்குப் போகிறார். அவரோடு ஒருநாளாவது போய் வரலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

மாதம் ஒரு சனிக்கிழமை லைப்ரரி ஹாலில் படம் போட்டுப் பேசுகிற ரசிகர் வட்டத்தை நான்தான் நடத்துகிறேன். பிப்ரவரிக்கு 'சிறைப் படங்களில் காதலும் உறவும்' என்று தலைப்பு வைத்தேன். மெயில் அனுப்பியபிறகுதான் ஆன்டி ஞாபகம் வந்தது. உடனே போன் பண்ணினேன்.

"ஆன்டி, அன்னிக்கு எல்லாரும் ஃபேமிலியா வருவாங்க. அனுஷன் விஷயம் மட்டும் எடுக்காதீங்களேன், ப்ளீஸ்."

"படம் பாக்க வரலாம்தானே, காமாக்ஷி?"

"ஐயோ, தாராளமா வாங்க."

வந்தார். கடைசி வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். படத்தில் கைதியும் அவனைப் பார்க்க வரும் பெண்ணும் கண்ணாடித் தடுப்பின் இரு பக்கமும் உள்ளங்கையைப் பதித்தார்கள். ஹாலே மூக்கை உறிஞ்சியது. நானும்தான் அழுதேன்.

விளக்கைப் போட்டதும் சுஹாஸ் மைக்கைப் பிடித்தார். எங்கள் வட்டத்தில் படத்தைவிட நீளமாகப் பேசக்கூடியவர் அவர்.

"தொடவே முடியாத இடத்துலதான் உண்மையான கனெக்‌ஷன் வருது. அந்த ரெண்டு பேரப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குங்க."

கைதட்டினோம். ஆன்டி எழுந்து நின்றார். நீட்டிய மைக்கை அவர் வாங்கவில்லை.

"எங்கட இடத்தில கண்ணாடி இல்லை. வரேக்க ஒருக்கா, போகேக்க ஒருக்கா கட்டிப்பிடிக்கலாம். அதுதான் ரூல். பத்து வயசுக்குப் பிறகு நான் அவனைக் கட்டிப்பிடிச்சதில்லை. எங்கட வீட்டில அந்தப் பழக்கமே இல்லை. முதல் நாள் சீலையோட போனன். மெஷின் கத்திச்சுது. சேஃப்டி பின் எல்லாத்தையும் கழட்டச் சொல்லிட்டினம். ஒரு கையால சீலையைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால அவனைக் கட்டிப்பிடிச்சன். அடுத்த கிழமை சுடிதார் போட்டுக்கொண்டு போனன். எனக்கு ரெண்டு கையும் வேணும்."

"சாரி ஆன்டி, நான் ஏதோ..." என்றார் சுஹாஸ்.

"சாரி வேண்டாம் தம்பி." கைப்பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார். "வாற மாசம் எனக்கு முழங்கால் ஆபரேஷன். மூண்டு மாசம் கார் ஓடேலாது. போன வருசம் காய்ச்சல் வந்து ஆறு கிழமை போகேல்லை. பிறகு போனா, பிள்ளை கதைக்கவே மறந்தவன் மாதிரி இருந்தான். விசிட்டர் லிஸ்டில பத்துப் பேர் இருக்கலாம். அவனுக்கு என்ர பேர் மட்டும்தான் இருக்கு. படத்தைப் பாத்து அழுத ஆக்கள் இவ்வளவு பேர் இருக்கிறியள். ஃபார்ம் கொண்டு வந்திருக்கிறன்."

சொல்லிவிட்டு நொண்டி நொண்டிப் போய்க் கதவருகே நின்றுகொண்டார். அவரைத் தாண்டாமல் ஒருவரும் வெளியே போக முடியாது. ஹாலில் திடீரென்று எல்லோருக்கும் சமோசா பசி வந்துவிட்டது. ஒருவருக்கு மகளின் நீச்சல் வகுப்பு ஞாபகம் வந்தது.

கெஞ்சிக் கேட்டும் இப்படிச் செய்துவிட்டாரே என்று முதலில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் கன்னத்தில் ஈரம் இன்னும் காயவில்லை என்று கவனித்தேன். யாருக்காக அழுதேன்? திரையில் நடித்தவனுக்கு. அவ்வளவு வெட்கம் எனக்கு என் ஆயுளில் வந்ததில்லை.

போய் ஒரு ஃபார்மை வாங்கினேன். பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் எழுதியாயிற்று. 'கைதிக்கு நீங்கள் என்ன உறவு' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"இதுல என்ன ஆன்டி போடறது? அவனை எனக்குத் தெரியவே தெரியாதே."

"ஃப்ரெண்ட் எண்டு போடும்."

"அது பொய்யில்லையா?"

"நாலு ஞாயிறு போய் அவனோட கதைச்சிட்டு வாரும். பிறகு வந்து சொல்லும், பொய்யோ எண்டு."

எழுதினேன். மை காய்வதற்குள் பேனாவையும் ஃபார்மையும் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். பக்கத்துக் கதவு ஏதாவது இருக்கிறதா என்று தேடியபடி கோட்டை மாட்டிக்கொண்டிருந்த சுஹாஸை நோக்கிக் காலை இழுத்துக்கொண்டு நடந்தார்.

"தம்பி, இன்னும் எட்டு இடம் இருக்கு."