சறுக்கில் ஏன் யாருமே இல்லை?

இலங்கை மலையகத்தில், மடுல்சீமைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். தொழிலாளர் குடும்பங்கள் வாழும் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளுக்கான விளையாட்டிடத்தைப் புதிதாக அமைக்கப் பெற்றோரைக் கூட்டிக் கேட்டோம். லொறி ஓடும் பாதையோரம் மட்டும் வேண்டாம் என்றார்கள். மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த பள்ளத்தில் ஊஞ்சலும் சறுக்கும் வைத்தோம்.

பிள்ளைகளோ நாலு நாள் ஆடிவிட்டு, மாலையானால் பழையபடி பாதையோரத்துக்கே ஓடினார்கள். அங்கே அப்படி என்னதான் இருக்கிறது? ஒரு நாள் பின்னாலேயே போனேன். வளைவில் கொழுந்து லொறி வந்தது. விளிம்பில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து வயது மெர்சியைச் சட்டென்று இழுத்தேன். லொறி எங்களை உரசுவதுபோல் போனது.

“இங்க என்னடி பார்க்கிற?” என்று கத்திவிட்டேன்.

“அம்மா கொழுந்து எடுத்துட்டு மலையிலருந்து எறங்குறத, டீச்சர். அந்தப் பள்ளத்துல நின்னா தெரியாதுல்ல.”

பெற்றோரைக் கேட்ட நாங்கள் பிள்ளைகளைக் கேட்கவேயில்லை. பாதைக்கு எட்டாத, ஆனால் மலை தெரிகிற மேட்டுக்குச் சறுக்கை மாற்றினோம். இப்போதெல்லாம் பிள்ளைகளுக்காக எதை வைப்பதென்றாலும், முதலில் அந்த இடத்தில் குந்தி, அவர்கள் உயரத்திலிருந்து என்ன தெரிகிறது என்று பார்க்கிறேன்.

சறுக்கின் உச்சிக்கு ஏறும் மெர்சி மட்டும் உடனே சறுக்குவதில்லை. பின்னால் நிற்பவர்கள் நெருக்குவார்கள்.

“தள்ளாதீங்கடா, எங்கம்மா இன்னும் வரல!”