ஏழு கட்டமும் மாமாவும்

ஏழாம் வகுப்புப் படிக்கும்போது எனக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பானிபூரிக்காரர் கொடுக்கும் பூரியை எண்ணிப் பார்த்துத்தான் வாயில் போடுவேன். அம்மா தலைவலி என்று படுத்தால் நிஜம்தானா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். அப்படிப்பட்டவளிடம்தான் மாமா, நம்மோடு பேசக்கூடியவர்கள் வானத்தில் எத்தனை உலகங்களில் இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. திருநின்றவூரில் எங்கள் வாடகை வீட்டில்தான் தங்கியிருந்தார். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அப்பா. அதை அவ்வப்போது நினைவூட்டவும் அப்பா தவறியதில்லை.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. நான் எரிமலை கேட்டேன். "எரிமலைய எல்லாரும் செய்வாங்க பாப்பா" என்று மாமா சார்ட்டில் ஏழு கட்டம் போட்டார். வருடத்துக்கு எத்தனை நட்சத்திரம் பிறக்கிறது, அவற்றில் கோள்கள் உள்ளவை எத்தனை, உயிர் வாழ ஏற்ற கோள் எத்தனை, உயிர் தோன்றியது எத்தனை, அறிவு வளர்ந்தது எத்தனை, செய்தி அனுப்பத் தெரிந்தது எத்தனை என்று போய், எத்தனை வருடம் அனுப்பிக்கொண்டிருப்பார்கள் என்பதில் முடியும். எல்லாவற்றையும் பெருக்க வேண்டும்.

முதல் நாள் விடை பன்னிரண்டு. மறுநாள் ஆறாயிரம்.

"நேத்து பன்னெண்டுதானே சொன்ன?"

"நேத்து உயிர் வர்றதுக்கு ஆயிரத்துல ஒண்ணுன்னு போட்டேன். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணுன்னு போட்டுகினேன். அது யாருக்குமே தெரியாத நம்பர் பாப்பா."

யாருக்கும் தெரியாத எண்ணை இவர் மட்டும் எப்படிப் போடலாம்? புளுகுகிறார் என்று முடிவு கட்டினேன். பரீட்சை நாளொன்றில் பள்ளி பதினோரு மணிக்கே விட்டதும், புத்தகத்தில் சரிபார்க்க நூலகத்துக்குப் போனேன்.

அங்கே மேசையில் மாமா உட்கார்ந்திருந்தார். பட்டறையின் நீலச் சட்டை, கையில் வானவியல் புத்தகம்.

"ஷிஃப்ட்டு மாத்திட்டாங்க" என்றார், நான் கேட்பதற்கு முன்பே.

"காலைல ஏழு மணி ட்ரெயினுக்கு ஓடினியே?"

மாமா புத்தகத்தை மூடி வைத்தார். "ஆள் கொறச்சிட்டாங்க. ரெண்டு மாசமாவுது. வேற எடத்துல கேட்டுகினுதான் கீறேன். ஊட்ல சொல்லிடாத பாப்பா. உங்கப்பா மூஞ்சில முழிக்க முடியாது."

வெளியே வந்து ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். இது லஞ்சம் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

கண்காட்சிக்கு அம்மாவும் மாமாவும் வந்திருந்தார்கள். நடுவராக வந்த கல்லூரி ஆசிரியை சார்ட்டைப் பார்த்து, "இந்த நம்பரெல்லாம் எங்கேர்ந்து எடுத்த?" என்று கேட்டார். நானே இட்டுக்கட்டியதாக நினைத்துவிடுவாரோ என்று பயம் வந்துவிட்டது.

"எங்க மாமா தினமும் லைப்ரரில படிச்சு எடுத்தது மிஸ். வேலை போனதுலேர்ந்து அங்கதான் இருக்காரு."

ஆசிரியை தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். சார்ட்டின் மூலையில் குண்டூசி குத்திக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. பிறகு அந்த ஊசியைக் குத்தி முடித்தது. மாமா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பரிசு கிடைக்கவில்லை, எரிமலைக்குக் கிடைத்தது.

திரும்பும்போது ரயில்வே கேட் வரை அம்மா எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். திட்டுவதற்கு ஆளில்லாத இடம் தேடுகிறாள் என்று நினைத்தேன்.

"அந்தக் கடேசி கட்டம் இன்னாடா?" என்றாள் மாமாவிடம்.

"எத்தினி வருசம் அவங்க பேசிகினே இருப்பாங்கன்றது, க்கா."

"நீ எவ்ளோ போட்ட?"

"ஆயிரம்."

"இன்னும் கொஞ்சம் கூட போடு" என்றாள் அம்மா.

ராத்திரி சாப்பாட்டின்போது அப்பா மாமாவைப் பார்த்து, "இன்னிக்கு வேலைக்குப் போவலியா?" என்று கேட்டார். மாமா வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "நான்தான் லீவு போடச் சொன்னேன். பாப்பா ஸ்கூலுக்கு ஆள் வேணாவா?"

மூன்று மாதம் கழித்துப் பூந்தமல்லிப் பக்கம் மாமாவுக்கு வேறு வேலை கிடைத்தது. அதுவரை அப்பாவுக்கு எதுவும் தெரியாது என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். கண்காட்சி அன்று ராத்திரி, அம்மாவின் பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பெருமையில், அப்பாவை நான் கவனிக்கவே இல்லை. அவர் தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து மாமாவின் தட்டில் வைத்துவிட்டு, கை கழுவ எழுந்து போனார்.