அண்ணிக்குத் தமிழில் சொல்லு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நானும் அண்ணனும் அண்ணியும் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அண்ணன் ரயில்வே குமாஸ்தா. நான் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தவன். என் இங்கிலீஷைத் தேற்றுகிறேன் பேர்வழி என்று அண்ணன் சாயங்காலமானால் அகராதியோடு உட்கார்ந்துவிடுவார். யாரும் பேசாத சொற்களாகப் பார்த்து, ஒன்றுபோல இருக்கும் இரண்டைப் பிடித்து வித்தியாசம் கேட்பார். தெரியாவிட்டால் குழாயடியிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டும். எங்கள் வீட்டில் தண்ணீருக்குக் குறைவே இருந்ததில்லை.

அப்படி வந்தவைதான் மோர்பிட், மோரிபண்ட். "ரெண்டுலயும் மோர் இருக்கு, குடிக்கத்தான் முடியாது" என்று சிரித்தார். முன்னது நோய் சம்பந்தப்பட்டது. பின்னது, சாகும் தறுவாயில் இருப்பது. அன்றும் நான்தான் தண்ணீர் எடுத்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கைக்குழந்தையை, ரயிலேறிப் போகும் தூரத்திலிருந்த கிள்ளானில் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு அண்ணி கட்டிலருகிலேயே கிடந்தார். ஒரு மத்தியானம் வெள்ளைக்கார டாக்டர் வந்து பார்த்தார். எங்களுக்கு எங்கே புரியப்போகிறது என்ற நினைப்பில், கூட வந்த மருத்துவ உதவியாளர் டிரஸரிடம் மோரிபண்ட் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நான் சட்டென்று அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் கண்ணை மூடியிருந்தார், கேட்டிருக்காது என்று நினைத்தேன்.

"தொரை என்னா சொன்னாரு தம்பி?" என்றார் அண்ணி. "பயமில்லன்னா கிள்ளானுக்குப் போயி புள்ளயப் பாத்துட்டு நாளைக்கு வந்துர்றேன்."

நான் பேசாமல் நின்றதை நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டு, அண்ணி பையோடு எழுந்துவிட்டார்.

அண்ணன் கண்ணைத் திறந்தார். "டேய், மோரிபண்ட்னா என்னா? அண்ணிக்குத் தமிழ்ல சொல்லு."

நான் கூஜாவை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குத் திரும்பினேன்.

"ஒனக்குத் தெரியும்டா. சொல்லு. இவ போயிடுவா." குரலில் பாதி காற்றுதான் வந்தது.

சொன்னேன். அண்ணி அழவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் கிள்ளானுக்கு ஓடிக் குழந்தையைத் தூக்கி வந்தபோது அண்ணனுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. விடிவதற்குள் போய்விட்டார். அவர் கையை அண்ணியிடமிருந்து பிரித்தெடுக்கத்தான் சிரமமாக இருந்தது.

அந்தச் சொல்லைச் சொன்ன வேதனை இன்னும் ஆறவில்லை. ஆனாலும் நோயாளியின் பக்கத்தில் நின்று யாராவது என்னிடம் உண்மையைக் கேட்டால் நான் மறைப்பதில்லை, கூட இருக்க வேண்டியவர்கள் அந்தக் கொஞ்ச நேரமாவது கூட இருக்கட்டும்.