செல்வராசு காயவைத்த கறி

அரபு நாட்டிலுள்ள அல் ஐனில் ஈரத் துண்டைக் கொடியில் போட்டுவிட்டுத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அது அட்டைபோல விறைத்துவிடும். வந்த புதிதில் அதைப் பார்த்து வியந்தேன். இப்போது அறுபத்தெட்டு வயதில், அதே ஊரில் மகன் வீட்டில் இருக்கிறேன். அந்த வெயிலைப் பார்க்கவே கூசுகிறது.

அந்த வெயிலை வேலை வாங்கியவன் என் அறைத்தோழன் செல்வராசு. அறந்தாங்கிப் பக்கத்துக் கல்யாணச் சமையல்காரன். இங்கே, எங்களுக்கு விசா கொடுத்த அரபு முதலாளியான கபீலின் கட்டட சைட்டில் கம்பி கட்டினான். நான் அதே கபீலின் அலுவலகத்தில் எழுத்தர், எம்.ஏ. படித்தவன். கபீல் குளிர்காலந்தோறும் வல்லூறுகளோடு தொலைதூரப் பாலைவனத்துக்கு வேட்டைக்குப் போவார். டின் உணவு வெறுத்துவிட்டது என்று ஒருநாள் அலுத்துக்கொண்டார். செல்வராசுவிடம் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமையே மொட்டைமாடியில் தட்டுகளைப் பரப்பிவிட்டான். ஆட்டுக்கறியைக் கொழுப்பு நீக்கி, மசாலாவில் சுண்ட வேகவைத்து, நார்நாராகப் பிய்த்து, கொசுவலைக்கு அடியில் காயவைத்தான். சோற்றையும் அப்படியே.

"கொழுப்பு இருந்தா கெட்டுப்போயிரும் சார். ஆட்டுக்கும் அதான், ஆளுக்கும் அதான்" என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ருசி பிடிச்சுதுன்னா எனக்கு லீவு மட்டும் கேளுங்க. தையில தங்கச்சி கல்யாணம். மறுநாள் கறிவிருந்துக்கு நாந்தான் கரண்டி பிடிக்கணும்" என்றான்.

என் கையால் அதை வாங்கிக்கொண்டு வேட்டைக்குப் போய்த் திரும்பிய கபீல் என்னைக் கூப்பிட்டார். கொதிநீர் ஊற்றியதும் வீட்டுச் சாப்பாடாகிவிட்டதாம். "மினு சவ்வா?" யார் செய்தது என்றார். அரபுச் சொல் தேடித் தடுமாறினால் என் வாயில் தமிழ்தான் வரும். "ஆனா..." என்று இழுத்தேன். அரபியில் 'அனா' என்றால் 'நான்'. அவர் முகம் மலர்ந்தது. "இந்த்தா?" நீயா என்று மறுபடி கேட்டார். அதுவரை நடந்தது வாய்ப்பிசகு. பதினோரு வருடம் இங்கே இருந்தவனுக்கு அந்த இரண்டு சொற்கள் தெரியாதா? தலையாட்டினேன். இரண்டு மாத லீவும் டிக்கெட்டும் அங்கேயே கிடைத்தன.

செல்வராசுவிடம் மொழிக்குழப்பம் என்றேன்.

"நல்ல கூத்து. நாளைக்குப் போயி செல்வராசுதான்னு சொல்லிருங்க சார், கலாஸ், முடிஞ்சுது."

நான் சொல்லவில்லை. அவன் மறுபடி கேட்கவும் இல்லை. நான் கிளம்பிய அன்று ஒரு பொட்டலம் நீட்டினான். "தங்கச்சிகிட்ட குடுங்க. ஆளுக்குத்தான் லீவு இல்ல. கைப்பக்குவமாவது போகட்டும்."

கறிவிருந்தன்று அவன் வீட்டுக்குப் போனேன். மணப்பெண்ணே கொதிநீர் ஊற்றிக் கிளறி, "எங்க அண்ணன் செஞ்ச கறி" என்று ஒவ்வோர் இலையிலும் துளித்துளி வைத்துக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில், அவள் அண்ணனுக்கென்று போட்டிருந்த இலையில் என்னை உட்காரவைத்திருந்தார்கள்.

"அண்ணனுக்கு ஏங்க லீவு கிடைக்கல?"

"அந்த அரபி கல்நெஞ்சக்காரன்மா."

கபீல்களைப் பற்றி நம்மவர்கள் ஊரில் சொல்வதெல்லாம் பொய்யல்ல. நான் சொன்னது பொய். அவள் நம்பினாள், இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். அல் ஐன் வெயிலில் காய்ந்து, அறந்தாங்கித் தண்ணீரில் ஊறி, அவனுடைய இலையில் அது என் முன்னால் இருந்தது. மிச்சம் வைக்காமல் தின்றேன்.