ஆறுச்சாமி திருப்பித் தந்த கடிதம்

1. நான், கி. தேவராஜன், வழக்கறிஞர், கோவை ஆர்.எஸ்.புரத்தில் நம் அடுக்ககத்தின் இரண்டாம் தளத்தில் குடியிருப்பவன்.

2. கீழே உள்ளவை நான் நேரில் கண்டவையும் நானே செய்தவையும் ஆகும்.

மெக்கானிக் ஆறுச்சாமி காலமான செய்தியைச் சென்ற வியாழன் காலை நம் காவலாளி சின்னராஜ்தான் சொன்னார். "நம்ம ஆறுச்சாமியண்ணன் தவறிட்டாருங்க. நெஞ்சுவலின்னாங்க." 'நம்ம' என்ற சொல் உறுத்தியது. இந்தக் கட்டடத்திலிருந்து அவருடைய பட்டறைக்கு ஒரு கார் போய் ஓராண்டுக்கு மேலாகிறது. அதற்குக் காரணம் நான்.

என் இருபத்திரண்டு வயதுக் காரில் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவம் குறைந்துகொண்டே வந்தது. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. ஆறுச்சாமி ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி அழுத்தம் ஏற்றினார். முள் மெல்ல இறங்கியது; எங்கோ கசிகிறது. இன்ஜினைச் சுற்றி எங்கும் ஈரமில்லை. பிறகு இடப்பக்க முன்கதவைத் திறந்து, குனிந்து முகர்ந்தார்.

"ஏனுங்க, காருக்குள்ள பாகு காச்சுனீங்களா?"

அந்த இனிப்பு வாசத்தை என் மனைவி சுலோசனா ஒரு மாதமாகச் சொல்லிவந்தார். அவிநாசி கோயில் பிரசாதம் சிந்தியிருக்கும் என்று நான் தீர்ப்பளித்திருந்தேன். ஆறுச்சாமி கால்விரிப்பைத் தூக்கினார். அடியில் பிசுபிசுவென்று ஈரம். இனிப்பாக மணப்பது கூலண்ட்தான், அது ஓடும் ஹீட்டர் டேஷ்போர்டுக்குள் ஒழுகுகிறது, டேஷ்போர்டையே கழற்ற வேண்டும் என்றார்.

"முந்தாநாள்தான் வாட்டர் வாஷ் செய்தேன், அந்த ஈரமாக இருக்கும். ஒழுகுவதைக் கண்ணால் காட்டுங்கள்" என்றேன்.

"கண்ணுக்குத் தெரிஞ்சா அது ஒழுக்குங்க. தெரியாம உள்ளயே போறதுதானுங்க நோவு."

காரை வேறொரு பெரிய பட்டறைக்குக் கொண்டுபோனேன். தூக்கி நிறுத்தி அடியில் பார்த்துவிட்டு, 'கசிவு காணப்படவில்லை' என்று எழுதித் தந்தார்கள். 'காணப்படவில்லை' என்பதை 'இல்லை' என்று படிப்பது என் தொழிலில் மன்னிக்க முடியாத பிழை. அந்தப் பிழையின் பலத்தில், இல்லாத பழுதைச் சொல்லி ஏமாற்ற முயன்றதாக ஆறுச்சாமிக்கு நோட்டீஸ் அனுப்பினேன். நகலை நம் குடியிருப்போர் சங்கத்துக்குக் கொடுத்தேன். அது அறிவிப்புப் பலகையில் ஏறியது. நீங்கள் எல்லோரும் படித்தீர்கள். நடந்தது என்னவென்று ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் அவிநாசி சாலையில் முன்கண்ணாடியின் உட்புறம் ஆவி படர்ந்து மறைத்தது. இன்ஜின் கொதித்து நின்றது. சுலோசனா ஆறுச்சாமியைத்தான் அழைத்தார். அவரும் வந்தார். காரைப் பட்டறைக்கு இழுத்துச் சென்று, என் கண்ணெதிரே டேஷ்போர்டைக் கழற்றி, கையகல ரேடியேட்டர் போலிருந்த அந்த ஹீட்டரை வெளியே எடுத்தார். அதன் விளிம்பில் கூலண்டின் பச்சைக் கறை.

"சாட்சி போதுங்களா, வக்கீலுங்க?"

தவறு என்னுடையது என்றேன்.

"அதைய எழுதிக் குடுத்துப்போடுங்க. போர்டுல இருக்கறதுக்கு மேல ஒட்டிக்கலாம்."

எழுத இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். அவர் என் அலுவலகத்தில் நின்றபடியே படித்தார். "இந்த மொத வரி எதுக்குங்க?"

அது, 'எனது உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்ற வரி. இந்தக் கடிதத்தைப் பின்னாளில் யாரும் எனக்கு எதிராகப் பயன்படுத்தக்கூடாது என்பதற்காக, என்று விளக்கினேன்.

"அப்ப இது எனக்கு எழுதுனதுங்களா, உங்களுக்கு எழுதுனதுங்களா?"

கடிதத்தை நான்காக மடித்து மேசைமீது வைத்தார். "வாரேனுங்க" என்று விடைபெற்றவர் பிறகு வரவில்லை. நானும் போகவில்லை. அந்த ஒரு வரியை அடித்து நீக்க எனக்கு ஓராண்டு போதவில்லை. பலகையில் நோட்டீஸ் மஞ்சளேறி அங்கேயே இருந்தது.

இப்போது அவரை நேர்மையானவர் என்று நாம் எல்லோரும் பேசிக்கொள்கிறோம். அவர் காதில் விழும்படி அதைச் சொல்ல வேண்டிய நாட்களில் நாம் வேறு பட்டறைகளில் நின்றிருந்தோம்.

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்தக் கடிதத்தில் விழுந்த மடிப்பு மட்டுமே. ஆறுச்சாமி சொன்னது உண்மை. என் நோட்டீஸில் இருந்தது பொய். அதை இன்று கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இதை ஒட்டுகிறேன். இதில் அந்த முதல் வரி இல்லை.

(ஒப்பம்) கி. தேவராஜன்

சாட்சிகள்:
1. தே. சுலோசனா
2. மா. சின்னராஜ்