காதால் நடந்தவர்

என் அக்கா வீட்டுக்காரரைப் பார்த்து யாராவது "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டினால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பாவம் அவர் இல்லை. அவரோடு மல்லுக்கட்டிய அக்காவும் நானும்தான் பாவம். ஷூ, பூட்ஸ் பழுது பார்க்கும் கடை என்னுடையது. மாமா ஒரு பெரிய ஓட்டலில் தலைமை சர்வர். ஆனால் தோலைப் பற்றி அவர் வாயைத் திறந்தால் கடை யாருடையது என்று வாடிக்கையாளருக்கே சந்தேகம் வந்துவிடும்.

அந்த ஓட்டலுக்குள் அவர் முதலில் போனது தட்டு கழுவத்தான். கழுவுகிற தொட்டிக்கு எதிரே சாப்பாட்டுக் கூடத்தின் அரைக்கதவு. அதற்குக் கீழே சர்வர்களின் கால்கள் மட்டும் தெரியும். சாயங்காலமானால் எல்லாக் கால்களும் தள்ளாடும்போது ஒரு ஜோடி மட்டும் காலையில் நடந்த மாதிரியே நடக்குமாம். அந்தக் கால்களில் இருந்தது கயிறு கட்டுகிற கறுப்புத் தோல் ஷூ. சர்வரானதும் மாமா வீட்டுக்குக் கட்டில் வாங்குவதற்கு முன்னால் அதே மாதிரி ஷூ வாங்கினார். அடித்தோல் பசை போட்டு ஒட்டியது இல்லை, சுற்றிலும் மெழுகு நூலால் தைத்தது. ஒட்டினது போனால் போனதுதான். தைத்ததைப் பிரிக்கலாம், புது அடித்தோல் வைத்துத் திரும்பத் தைக்கலாம். நானே அதற்கு எத்தனை முறை அடி மாற்றியிருக்கிறேன் என்று எனக்கு நினைவில்லை.

பிறகு இன்னொரு ஜோடியும் சேர்ந்தது. ஒன்று வேலைக்குப் போனால் மற்றது வீட்டில் ஓய்வெடுக்கும், வயிற்றுக்குள் மரக்கட்டையைத் திணித்துக்கொண்டு, சுருக்கம் விழாமல். மழையில் நனைந்தால் காகிதத்தைச் சுருட்டி அடைத்து நிழலில் காயவைப்பார். அவசரப்பட்டு அடுப்பு ஓரமாக வைக்கப்போன அக்காவை அவர் பார்த்த பார்வையை அவள் இன்னும் சொல்லிக்காட்டுவாள். "ஷூவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் லீவு. எனக்கு என்னைக்காவது குடுத்திருக்காரா கேளு" என்பாள் என்னிடம். அவர் காதில் விழும்படிதான் சொல்வாள். அவர் பிரஷ்ஷை இன்னும் வேகமாகத் தேய்ப்பார்.

ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவரும் விழுந்தார். இடது பக்கம் முழுக்க வாதம். ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டு வந்தபோது பேச்சு திரும்பியிருந்தது, கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. கால்தான் பாதியிலேயே நின்றுவிட்டது. வலு இருந்தது, உணர்ச்சி இல்லை. பாதம் தூக்கியிருக்கிறதா, தரையில் இழுபடுகிறதா என்று அவருக்கே தெரியாது. குனிந்து பார்த்தால்தான் தெரியும். தட்டு ஏந்துகிறவன் குனிந்து பார்த்துக்கொண்டு நடக்க முடியுமா?

ஓட்டல் மேனேஜர் வீட்டுக்கே வந்தார். நல்ல மனுஷன். "கல்லாவில உட்காந்துக்கோங்கண்ணே. உங்களுக்காகவே நாற்காலி போட்டு வைக்கறேன்" என்றார்.

"உட்காந்து வேலை பாக்கறதுக்கு நான் எதுக்கு சார்? என்னைக் கூடத்துல விடுங்க."

இருவரும் பேசிப்பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். சமையலறை வாசலிலிருந்து கூடத்தின் கடைசி மேஜைவரை தட்டோடு போய்ப் பரிமாறிக் காட்ட வேண்டும். முடிந்தால் பழைய வேலை, இல்லாவிட்டால் கல்லா. எப்போது வருவது என்பதை மாமாவே சொல்லலாம்.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் ரப்பர் ஷூ ஒன்றைக் கொண்டுவந்தாள். கயிறு வேண்டாம், பட்டையை இழுத்து ஒட்டினால் போதும். "ரொம்ப வசதிங்க" என்றாள். மாமா அதை மரியாதையாக வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. தன் ஷூவைத்தான் போட்டுக்கொண்டார். கயிறு கட்ட அவருக்குக் காலைப்பொழுது முழுக்க ஆகும். அக்கா கை நீட்டினால் தட்டிவிடுவார்.

இழுத்து இழுத்து நடந்ததில் இடது ஷூவின் முனை தேய்ந்து வெளுத்துப்போயிற்று. நான் தோல் வைத்துத் தைப்பேன், மறு வாரமே தேய்த்துக்கொண்டு வருவார். ஒரு தடவை ஆத்திரத்தில் கத்திவிட்டேன். "மாமா, நீங்க நடக்கறீங்களா, தரைக்கு இழைப்பு வேலை செய்யறீங்களா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாப்ள, முனையில இரும்பு லாடம் அடி" என்றார்.

"தேயாது, சரி. ஆனா சத்தம் போடுமே. ஊரையே கூட்டும்."

"அதுக்குத்தான் கேக்கறேன். காலுக்குத்தான் உணர்ச்சி இல்ல. காது நல்லாத்தானே இருக்கு."

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நேராக நின்றால் தரையைத் தொடாதபடி, முனையின் விளிம்பில் மட்டும் பிறை மாதிரி ஒரு லாடத்தைப் பதித்தேன். காலைச் சரியாகத் தூக்கி வைத்தால் குதி மட்டும் லேசாக 'டக்' என்னும். இழுத்தால் லாடம் உரசி 'சர்ர்ர்' என்று பல் கூசும்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நிம்மதி போயிற்று. கூடத்துக்கும் சமையலறைக்கும் மாமா நடப்பார். சர்ர்ர், டக், சர்ர்ர், சர்ர்ர். கையில் தட்டு, தட்டில் தண்ணீர் டம்ளர். கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்து, "மேல மர அறுப்பு மில்லு ஏதாச்சும் ஆரம்பிச்சிருக்கீங்களா" என்று கேட்டார். அக்கா என் கடைக்கே வந்து உட்கார்ந்து அழுதாள்.

"அதைப் பிடுங்கிடுடா. ஒவ்வொரு தடவை இழுக்கறப்பவும் என் நெஞ்சுல கிழிக்கற மாதிரி இருக்கு. எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணுமா, அவர் கால் போச்சுன்னு?"

என்னால் தாங்க முடியவில்லை. குறடை எடுத்துக்கொண்டு அவளோடு போனேன். மாமா என் கையைப் பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார்.

"சத்தம் நிக்கணும்னா நான் ஒழுங்கா நடக்கணும். அதுவரைக்கும் எவனும் இந்த ஷூவைத் தொடக்கூடாது" என்றார். "நீயும்தான் மாப்ள."

குறடோடு அசடு வழியத் திரும்பினேன். அவர் சொன்னபடியே நடந்தது. 'சர்ர்ர்' குறைந்து 'டக்' கூடியது. மழைக்காலம் முடிவதற்குள் கீழ்வீட்டுக்காரரே படியில் என்னை நிறுத்தி, "மில்லு மூடிட்டாங்களா" என்று விசாரித்தார். மாமா மேனேஜரைப் பார்த்துத் தேதி சொல்லிவிட்டு வர ஓட்டலுக்குக் கிளம்பினார்.

திரும்பி வந்தவர் வீட்டுக்குப் போகாமல் என் கடைக்கு வந்தார். முழங்காலில் கால்சட்டை கிழிந்திருந்தது. முகம் செத்துப்போயிருந்தது.

"வாசல் கல்லுல ராஜா மாதிரி நடந்தேன் மாப்ள. கூடத்துக்குள்ள காலை வெச்சேன். சத்தமே இல்ல. குப்புற விழுந்துட்டேன்."

கூடம் முழுக்கக் கம்பளம். இத்தனை வருஷம் அதன் மேல் நடந்தவருக்கு அது நினைவில்லை, மாதக்கணக்காக லாடத்தோடு மல்லாடிய எனக்கும் தோன்றவில்லை. எங்கள் இரண்டு பேர் மூளையையும் சேர்த்து வைத்தால்கூட ஒரு ஆள் தேறாது. கல்லாதான் என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

அவர் முக்காலியில் உட்கார்ந்து, இடது ஷூவின் கயிற்றை மெதுவாக அவிழ்த்து என் மடியில் வைத்தார். "லாடத்தை எடு. கம்பளத்துல மாட்டுது. பழையபடி தோல் வெச்சுத் தை."

"தெச்சு?"

"தெச்சுக் குடு. நடக்கறது என் பாடு."

பழைய தையல் துளைகளிலேயே நூலை விட்டுத் தைத்து, நானே வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்கா அதற்குள் வீட்டிலிருந்த போர்வை, கம்பளி, மெத்தை விரிப்பு எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்திருந்தாள். கால் வைக்க வெறுந்தரை இல்லை. அதன் மேல் மாமா தட்டோடு நடந்தார். அவள் எதிர்க்கோடியில் உட்கார்ந்து பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இழுக்குது" என்பாள். அவர் நின்று, தூக்கி வைப்பார். "இழுக்குது." மறுபடியும். அந்தச் சத்தத்தைக் கேட்கவே முடியாது என்று என் கடையில் அழுதவள்தான், தொண்டை கட்டும்வரை கத்தினாள். மாமா தேதியைத் தள்ளிப்போட்டார். அவள் "இழுக்குது" என்று சொல்லாத நாள் ஒன்று வந்தது. மறுநாளும் அவள் சொல்லவில்லை. அப்புறம்தான் மேனேஜருக்குச் சொல்லி அனுப்பினார்.

அன்றைக்குக் கூடத்தில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. கடைசி மேஜையில் யாராவது உட்கார வேண்டுமே என்று மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார். "எம் பொண்டாட்டி உட்காரட்டும் சார். கல்யாணமானதுலேருந்து இந்த ஓட்டல்ல அவ உட்காந்ததே இல்ல" என்றார் மாமா. அக்கா வெட்கப்பட்டுக்கொண்டே போய் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "யாரும் பேசக்கூடாதும்மா" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அரைக்கதவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

மாமா தட்டோடு வந்தார். சூப் கிண்ணம், தண்ணீர் டம்ளர். முதுகு நிமிர்ந்திருந்தது. பாதி தூரம் அழகாகப் போனவரின் ஷூ முனை கம்பளத்தில் மாட்டியது. டம்ளர் உருண்டது, சூப் தட்டெல்லாம் வழிந்தது. அவர் விழவில்லை. துடைக்க ஓடிவந்த சர்வரைப் பார்வையாலேயே நிறுத்தினார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பி உள்ளே போனார், புதுக் கிண்ணத்தில் சூப் ஊற்றிக்கொண்டு அதே வாசல் வழியாக மறுபடி வந்தார். மேனேஜர் தடுக்கவில்லை.

இந்த முறை மாமா குனியவே இல்லை. அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தார். முதல் வரிசை தாண்டினார். டம்ளர் உருண்ட ஈர இடத்தையும் தாண்டினார். கடைசி மேஜைக்கு வந்து, வலது பக்கமாக நின்று, சத்தமில்லாமல் கிண்ணத்தை வைத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

அக்கா கரண்டியை எடுத்து ஒரு வாய் குடித்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"ஆறிப்போயிருக்கு" என்றாள்.

எனக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது, கிண்ணத்திலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. மாமாவும் அந்த ஆவியைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

"மன்னிக்கணும் மேடம். சூடா கொண்டு வர்றேன்."

கிண்ணத்தை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு திரும்பினார். "போதும்ண்ணே" என்று மேனேஜர் சொன்னது அவர் காதில் விழவேயில்லை. கூடத்தின் முழு நீளத்தையும் நடந்து வந்தவர், என்னைக் கடக்கும்போது உதட்டை அசைக்காமல் சொன்னார்: "பொல்லாத கஸ்டமர் மாப்ள. வழியை விடு."