நாற்பத்தைந்து குண்டூசிகளும் மூன்று கோடுகளும்

சிட்னிக்கு வந்த இரண்டாம் ஆண்டில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு வரைபடம் செய்து கொடுத்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. சங்கத்தில் நாற்பத்தைந்து குடும்பங்கள் இருந்தன. கார் வைத்திருந்தவர்கள் பதினேழு பேர். பொங்கல் விழாவுக்கு யார் யாரை ஏற்றி வருவது என்பதில் ஒவ்வொரு வருடமும் குழப்பம். நான் தொழிலால் படவரைஞன். அரசாங்க அலுவலகமொன்றில் நிலப்படம் வரைந்துகொண்டிருந்தேன். ஆகவே நகரத்தின் படத்தை மென்பலகையில் ஒட்டி, கார் உள்ள வீட்டுக்குக் கறுப்புக் குண்டூசி, கார் இல்லாத வீட்டுக்கு வெள்ளைக் குண்டூசி என்று குத்தி, ஒரு பிரதி எடுத்துச் செயலாளரிடம் கொடுத்தேன். அந்த வருடம் பொங்கலுக்கு எவரும் ரயில் நிலையத்தில் காத்து நிற்கவில்லை என்று என் தினக்குறிப்பில் இருக்கிறது.

செயலாளர் பல் வைத்தியர். எல்லோரும் டொக்டர் என்றே கூப்பிடுவோம். அவர் அந்தப் பிரதியை வேறொன்றுக்கும் பயன்படுத்தினார். அடுத்த பொதுக்கூட்டத்தில், நிர்வாகக் குழுவின் ஐந்து பேரையும் இனிப் பகுதிவாரியாகத் தெரிவு செய்யலாம் என்றார். ஐந்து பகுதி, பகுதிக்கு ஒன்பது வீடு, வீட்டுக்கு ஒரு வாக்கு. பயண வசதிக்காக என்றார். ஒன்பது ஒன்பதாகப் பிரித்தால் அதில் பிழை சொல்ல என்ன இருக்கிறது? எல்லோரும் கை உயர்த்தினோம். நானும் உயர்த்தினேன். எல்லைகளை டொக்டரே கீறினார், அதன்படி தேர்தலும் நடந்தது.

அதற்குப் பிறகுதான் சனிக்கிழமை வகுப்பின் பிரச்சினை வந்தது. ஸ்ட்ராத்ஃபீல்ட் என்ற புறநகரில் ஒரு தேவாலய மண்டபத்தைச் சங்கம் சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்திருந்தது. காலையில் அங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. நடத்தியவர் ஒரு தாதி. வெள்ளி இரவு ஆஸ்பத்திரியில் வேலை முடித்து, சீருடையை மாற்றாமலே ரயிலேறி வந்து, கரும்பலகையில் அ எழுதுவார். இருபத்தொரு பிள்ளைகள். அவருடைய எட்டு வயது மகளும் அதில் ஒருத்தி. வீட்டில் தாயோடு ஆங்கிலத்தில் மட்டும் பேசுகிற பிள்ளை, அந்த மண்டபத்தில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்தால் மட்டும் தமிழில் வாய் திறப்பாள். தாதிக்கு அந்த இரண்டு மணித்தியாலம் எவ்வளவு பெரிது என்பது எங்களுக்குத் தெரியும்.

டொக்டரின் குழு, வருட முடிவோடு வகுப்பை நிறுத்திவிட்டு மண்டபத்தைக் கலைவிழா ஒத்திகைக்கு விடுவதென்று யோசித்தது. மண்டபம் யாருக்கு என்பது குழுவின் முடிவு. குழுவில் ஐந்துக்கு நான்கு பேர் டொக்டரின் பக்கம். எனக்கு அது விளங்கவில்லை. எனக்குத் தெரிந்தவரை பெரும்பாலான வீடுகளில் வகுப்பு வேண்டும் என்றே சொன்னார்கள். ஒரு ஞாயிறு மதியம் என் பலகையை எடுத்து, கறுப்பு வெள்ளை ஊசிகளைப் பிடுங்கி, அதே துளைகளில் நிறம் மாற்றிக் குத்தினேன். வகுப்பு வேண்டுமென்ற வீட்டுக்கு நீலம், டொக்டரின் பக்கத்துக்குச் சிவப்பு. இரண்டு வீடுகளைப் பற்றி நிச்சயமில்லை. ஊகத்தில் நீலம் வைத்தேன். நீலம் இருபத்தைந்து, சிவப்பு இருபது. அதன்மேல் டொக்டரின் எல்லைக் கோடுகளை ட்ரேசிங் தாளில் வரைந்து விரித்தேன்.

தேநீர் ஆறும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்ட்ராத்ஃபீல்டைச் சுற்றி ஒரு பகுதியில் ஒன்பதும் நீலம். மற்ற நான்கிலும் சிவப்பு ஐந்து, நீலம் நான்கு. நான்கிலும் அப்படியே. இருபது வீடு நான்கு இடம் பெற்றது. இருபத்தைந்து வீடு ஓரிடம் பெற்றது. இருபது வருடம் கோடு வரைந்து சம்பளம் வாங்கியவன் நான். கோடு என்பது இருக்கிற ஒன்றைக் காட்டுவது என்றே நினைத்திருந்தேன். அது ஒரு சத்தமும் இல்லாமல் இவ்வளவு செய்யும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. கோபத்துக்கு முதல் வந்தது வியப்புத்தான்.

அடுத்த ஞாயிறு என் வீட்டில் கூடினோம். தாதியும், வகுப்புக்கு இரண்டு பிள்ளைகளை அனுப்புகிற ஒரு பொறியியலாளரும், என் மனைவியும், நானும். பகுதிவாரித் தெரிவு என்ற விதியையே மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அது எங்களிடம் இல்லை. ஆனால் வரைபடத்தை ஒவ்வொரு வருடமும் பொதுக்கூட்டம் சாதாரணப் பெரும்பான்மையில் ஏற்க வேண்டும். அது இருந்தது.

“பிறகென்ன அண்ணை?” என்றார் பொறியியலாளர். “பென்சில் உங்கடை கையிலை. கீறுங்கோ.”

கீறினேன். ஒன்றரை மணி நேரம் எடுத்தது. ஒவ்வொரு பகுதியிலும் நீலம் ஐந்து, சிவப்பு நான்கு. ஐந்து இடமும் எங்களுக்கு. ஊகித்த இரண்டும் பிழையானாலும் மூன்று இடம் மிஞ்சும். எந்த வீடும் நகரவில்லை, எவரும் மனம் மாறவில்லை. தாள் மட்டும் வேறு. ஒன்றுக்கு நான்கு, ஐந்துக்குப் பூச்சியம் ஆகிவிட்டது. கீறி முடித்தும் பென்சிலை இறுகப் பிடித்துக்கொண்டிருந்ததை மனைவி பார்த்துவிட்டாள்.

“என்ன, டொக்டரிட்டைப் பல்லுப் பிடுங்கப் போறவர் மாதிரி இருக்கிறியள்?” என்றாள்.

தாதி மட்டும் சிரிக்கவில்லை. தாளின்மேல் விரல் வைத்துத் தன் தெருவைத் தேடினார். “அண்ணை, இந்தக் கோடு ஏன் எங்கடை வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவிலை போகுது? அவையின்ரை காரிலைதானே நான் கூட்டத்துக்கு வாறனான்.”

“அங்கை ஒரு நீலம் கூடிப் போச்சு. அதை வடக்கே தள்ள வேண்டியிருந்தது.”

“அந்த நீலம் நானோ?”

“ஓம்.”

அவர் கதிரையில் சாய்ந்துகொண்டார். “இது வேண்டாம் அண்ணை.”

பொறியியலாளருக்குக் கோபம் வந்துவிட்டது. “அவர் செய்தால் கெட்டித்தனம், நாங்கள் செய்தால் பாவமோ? உங்கடை வகுப்புக்காகத்தானே அக்கா இவ்வளவும். கையைக் கட்டிக்கொண்டு போய் நிண்டு அடி வாங்கச் சொல்லுறியளோ?”

“அடுத்த வருஷம் ஆரேனும் ரெண்டு வீடு மனம் மாறினால் அவர் திருப்பிக் கீறுவார். அதுக்கடுத்த வருஷம் நீங்கள். பிள்ளையள் எப்ப படிக்கிறது?”

“முதல்லை வெல்லுவம். பிறகு நியாயமாய்க் கீறுவம்.”

எனக்கு அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. இந்நாட்டவர்; வடக்கே உள்ள மாநிலத்தில் பிறந்தவர். அங்கே அவருடைய கட்சி ஆட்சியில் இருந்தபோது தனக்குச் சாதகமாகத் தொகுதிகளை வகுத்ததாம். பிறகு எதிர்க்கட்சி வந்து, அதே ஏற்பாட்டை எடுத்து, இன்னும் கூர்மையாக்கி, வருடக்கணக்காக அசையாமல் இருக்கிறதாம். பென்சிலைச் சீவிக் கொடுத்தது நாங்கள்தான் என்று அவர் சொல்லிச் சிரிப்பார், சந்தோஷமான சிரிப்பல்ல. இதை நான் அவர்களுக்குச் சொன்னேன். பொறியியலாளர் உடனே, “அப்ப அவை வேறை என்ன செய்திருக்க வேணும்? அதைச் சொல்லுங்கோ,” என்றார்.

பதில் தாதியிடமிருந்து வந்தது. அவருடைய ஆஸ்பத்திரியில், வீட்டுக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கும் தாதிகளுக்கு வேலை பிரிப்பது தபால் இலக்கப்படியாம். இலக்கங்களை வரிசையாக எழுதி, மேலிருந்து எண்ணி வெட்டிவிடுவார்கள். யாரும் சண்டை பிடிப்பதில்லை. “அதை ஆரும் எங்களுக்காகப் போடேல்லை. அவருக்காகவும் போடேல்லை,” என்றார்.

அங்கேயே செய்து பார்த்தேன். நாற்பத்தைந்து முகவரிகளைத் தபால் இலக்க வரிசையில் எழுதினேன், ஒரே இலக்கம் உள்ளவற்றைத் தெருப் பெயரின் அகர வரிசையில் அடுக்கினேன், ஒன்பதுக்கொரு கோடு. இரண்டு பகுதி நிச்சயமாக எங்களுக்கு, ஏழுக்கு இரண்டு. இரண்டு நிச்சயமாக டொக்டருக்கு, ஆறுக்கு மூன்று. ஐந்தாவது பகுதியில் நீலம் ஐந்து, சிவப்பு நான்கு. ஆனால் நான் ஊகத்தில் குத்திய இரண்டு ஊசிகளும் அதற்குள்ளேதான் விழுந்தன.

“தோத்தாலும் தோக்கலாம்,” என்றேன்.

“தெரியுது,” என்றார் தாதி. அன்று இரவும் அவருக்கு வேலை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “போட்டு வாறன்.”

பொதுக்கூட்டம் ஒரு சனி பிற்பகல், அதே மண்டபத்தில். தாதி என்னிடமிருந்து பலகையையும் இரண்டு தாள்களையும் வாங்கிப்போய் மேசையில் வைத்தார். முதல் தாளை ஊசிகளின்மேல் விரித்தார். “இது இப்ப இருக்கிறது. இதிலை நாங்கள் தோக்கிறம்.” அதை எடுத்துவிட்டு மற்றதை விரித்தார். “இது இன்னொண்டு. இதிலை நீங்கள் தோக்கிறியள். ஊசி ஒண்டும் அசையேல்லை. வந்து பாருங்கோ.”

ஆட்கள் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். ஒவ்வொருவரும் முதலில் தன் வீட்டைத் தேடினார்கள். பிறகு ஒரு தாளைத் தூக்கி மற்றதை வைத்து, திரும்பத் தூக்கி வைத்துப் பார்த்தார்கள். என் வீட்டில் எனக்கு வந்த அதே திகைப்பு ஒவ்வொரு முகத்திலும் வருவதைக் கண்டேன்.

“ரெண்டாவதைக் கீறினது ஆர்?” என்று கேட்டார் டொக்டர்.

எழுந்து நின்றேன். “நான்தான் டொக்டர். முதலாவதும் என்ரை படத்திலைதான் கீறப்பட்டிருக்கு.”

அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். “என்ரை கோட்டைவிட உங்கடை கோடு வடிவு. தொழில்காரன் தொழில்காரன்தான்.” மண்டபம் சிரித்தது. நானும் சிரிக்க முயன்றேன், முகம் ஒத்துழைக்கவில்லை. தாதி தபால் இலக்க யோசனையைச் சொன்னார். முப்பத்தொரு கை உயர்ந்தது. டொக்டரின் கை உயரவில்லை, ஆனால் அவர் எதிர்த்தும் பேசவில்லை.

தேர்தலுக்கு மூன்று கிழமை இருந்தது. அந்த மூன்று கிழமையில் நடந்தது போல் ஒன்றை நான் சங்கத்தில் அதற்கு முன் கண்டதில்லை. ஐந்தாவது பகுதியின் ஒன்பது வீடுகளுக்கும் ஆட்கள் போகத் தொடங்கினார்கள். எங்கள் வேட்பாளர் பொறியியலாளர். டொக்டரின் பக்கம் நின்றவர் தமிழ்நாட்டிலிருந்து வந்த மருந்தாளர், மெதுவாகப் பேசுகிறவர். இருவரும் மாறி மாறிப் போய், தேநீர் குடித்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். முன்பிருந்த இரண்டு படத்திலும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகவேண்டிய தேவை இருந்ததில்லை. விடை தாளிலேயே இருந்தது. இந்தப் படத்தில் விடை இல்லை. ஊசிகளைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் செய்த ஒரு படத்தை என்னால் வாசிக்க முடியவில்லை. அது தந்த பிரமிப்பு, ஒன்றுக்கு நான்கு தந்ததைவிடப் பெரிது.

வாக்குகளை எண்ணிய நாளில் முதல் நான்கு பகுதியும் நான் சொன்னபடியே இரண்டுக்கு இரண்டாக வந்தன. ஐந்தாவதில் மருந்தாளருக்கு ஐந்து, பொறியியலாளருக்கு நான்கு. என் ஊகத்தில் ஒன்று பிழை. தாதி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலருகே நின்றார். பொறியியலாளர் என் பக்கம் திரும்பி, “ஐஞ்சும் எங்கடை கையிலை இருந்தது அண்ணை,” என்று மட்டும் சொன்னார். அன்று தினக்குறிப்பில் மழை என்றும், வீடு வந்த ரயிலின் நேரமும் எழுதியிருக்கிறேன். வேறொன்றும் எழுதவில்லை.

புதிய குழு இரண்டு கிழமை கழித்துக் கூடியது. மண்டபத்தைப் பற்றிய வாக்கெடுப்பில் மருந்தாளர் வகுப்பின் பக்கம் கை உயர்த்தினார். மூன்றுக்கு இரண்டு. வகுப்பு நிலைத்தது.

பிறகொரு நாள் ரயில் மேடையில் மருந்தாளரைக் கண்டு காரணம் கேட்டேன். “ஒம்பது வீட்டுக்கும் போனேன் சார்,” என்றார். “ஏழு வீட்ல கிளாஸைப் பத்திதான் பேசினாங்க. ஒரு அம்மா அழுதாங்க. எல்லார்கிட்டயும் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன். அப்புறம் எப்படி மாத்திப் போடறது?”

“டொக்டர் கோபிக்கேல்லையோ?”

“கோபம்தான். போன வாரம் பல் காட்டப் போனேன். கொஞ்சம் அழுத்தித்தான் பாத்தாரு.”

இதைப் பொறியியலாளரிடம் சொன்னபோது அவர் சிரித்தார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. “அந்த மனுசன் வேறை மாதிரி ஆளாயிருந்தால்? வகுப்புப் போயிருக்கும். நீங்கள் எல்லாரும் நியாயத்தோடை வீட்டை இருந்திருப்பியள்.” அவர் சொன்னது சரி. அதையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். அந்த வருடம் எங்களுக்கு நல்லதாக முடிந்ததால் அவருடைய கேள்வி தீர்ந்துவிடவில்லை.

அடுத்த சனி கதிரைகளை அடுக்க மண்டபத்துக்குப் போனேன். தாதி சீருடையோடு கரும்பலகையின் முன்னால் நின்றார். “அண்ணை, புதுசாய் ரெண்டு பிள்ளையள் வருகினம். அவைக்குக் கார் இல்லை,” என்று ஒரு துண்டைத் தந்தார். இரண்டு முகவரியும் ஐந்தாவது பகுதி. அதில் ஒன்று நான் பிழையாக நீலம் குத்திய வீடு என்றே இன்றுவரை நினைக்கிறேன், கேட்டுப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து நீலத்தையும் சிவப்பையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டேன். கார் உள்ள வீட்டுக்குக் கறுப்பு, இல்லாத வீட்டுக்கு வெள்ளை என்று பழையபடி குத்தினேன். அந்த இரண்டு பிள்ளைகளின் வீடுகளுக்கும் மிகக் கிட்டிய கறுப்பு ஊசியைத் தேடினேன். அளவுகோலை வைத்துப் பார்த்தபோது ஒரு மைலுக்கும் குறைவு. அது மருந்தாளரின் வீடு.